மரம் இறங்கிய தடமும் மனிதர் ஏறும் தடமும்: அலிஷான் வன இருப்புப்பாதையின் பயன்மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

தைவான் தீவின் நடுமலைப் பகுதியில் அமைந்த அலிஷான் வன இருப்புப்பாதை, ஜப்பானியக் காலனியாட்சியில் சைப்ரஸ் மரங்களை மலையிலிருந்து இறக்குவதற்காக அமைக்கப்பட்டது. மரம் வெட்டுதல் ஓய்ந்தபின் அது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் காட்சிப் பயணப் பாதையாக மாறியது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையையும் அதற்குத் துணைநின்ற காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. தடத்தின் பொறியியல் நுட்பங்கள், வழிநெடுகிலும் வளர்ந்த குடியிருப்புகள், சாலைப் போட்டி, இயற்கைச் சீற்றங்கள் ஆகியன இதில் ஆராயப்படுகின்றன. இதே காலத்தில் தோன்றிப் பின்னர் அகற்றப்பட்ட பரம்பிக்குளம் – சாலக்குடி வன டிராம்பாதை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மரம் ஏற்றிய தடமொன்று பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படும்போது, அது கொண்டுசென்ற காட்டின் வரலாறும் உடன் சொல்லப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அலிஷான், வன இருப்புப்பாதை, ஷே பொறி, சைப்ரஸ், காலனிய வனவியல், பாரம்பரியச் சுற்றுலா, பரம்பிக்குளம்.

1. முன்னுரை

மலை இருப்புப்பாதைகள் எல்லாம் ஒரே நோக்கத்தில் தோன்றியவை அல்ல. கோடைக்காலத்தில் ஆட்சியாளர்கள் தங்கும் மலைநகரங்களை அடைவதற்காகச் சில அமைக்கப்பட்டன. உதகமண்டலத்திற்குச் செல்லும் நீலகிரி மலைப்பாதை இவ்வகையினது. தேயிலை முதலிய தோட்டப் பயிர்களின் விளைச்சலைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லச் சில அமைந்தன. காட்டு மரங்களை இறக்குவதற்கென்றே அமைந்தவை மூன்றாம் வகையின. இவற்றை வன இருப்புப்பாதைகள் என்பர்.

வன இருப்புப்பாதைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. மலைநகரம் நிலைக்கும்வரை மலைநகரப் பாதைக்கு வேலை இருக்கும். தோட்டம் ஆண்டுதோறும் விளையும். எனவே தோட்டப் பாதைக்கும் ஆண்டுதோறும் சுமை கிடைக்கும். வன இருப்புப்பாதையோ தன் வேலையைச் செம்மையாகச் செய்யச் செய்யத் தன் தேவையைத் தானே குறைத்துக்கொள்கிறது. மரம் தீர்ந்தவுடன் தடத்திற்கும் பயனில்லாது போகிறது. இதனாலேயே உலகின் வன இருப்புப்பாதைகளுள் மிகப் பல பெயர்த்தெடுக்கப்பட்டு, இரும்பு விலைக்கு விற்கப்பட்டு, தடம் கிடந்த இடமே தெரியாமல் மறைந்தன.

மறையாமல் நின்ற சிலவற்றுள் அலிஷான் பாதை குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள காஸ் பாதையும் இவ்வாறு உயிர்பிழைத்ததே. 1960இல் மர ஆலை மூடப்பட்டபின் மாநில அரசு அதனை ஏற்று, 1963 முதல் சுற்றுலா வண்டிகளை இயக்கியது. ஆயினும் காலனியாட்சி, பழங்குடியினர் நிலம், காட்டழிவு, பொறியியல், சுற்றுலா ஆகிய ஐந்தும் ஒரே தடத்தில் சந்திப்பது அலிஷானில்தான். எனவே அதனையே இக்கட்டுரை ஆய்வுக்களமாகக் கொள்கிறது.

2. காடும் ஆட்சியும்

1895இல் சீனாவின் சிங் அரசிடமிருந்து தைவான் ஜப்பானின் ஆட்சிக்கு மாறியது. அவ்வாண்டிலேயே வன நிலங்கள் குறித்த விதியொன்று பிறப்பிக்கப்பட்டது. உரிமைப் பத்திரமோ உரிமையை நிறுவும் வேறு ஆவணமோ இல்லாத காட்டு நிலங்கள் யாவும் அரசுக்குரியன என்பது அவ்விதியின் சாரம். எழுத்து ஆவணத்தால் நில உரிமையை வழங்கும் வழக்கம் மலைவாழ் பழங்குடியினரிடம் இல்லை. வேட்டைக்களம், ஓடை, மலைமுகடு ஆகியவற்றை எல்லையாகக் கொண்டு, மரபுவழி நினைவின் அடிப்படையில் அவர்கள் நிலத்தைப் பகுத்திருந்தனர். ஆகவே அலிஷான் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ட்சோ பழங்குடியினரின் காடுகள், அவர்கள் அறியாமலேயே, தாளின் மேல் அரசின் உடைமையாயின.

1899ஆம் ஆண்டளவில் அலிஷானில் பெருஞ்சைப்ரஸ் காடுகள் இருப்பதை ஜப்பானிய அலுவலர்கள் உறுதிசெய்தனர். செஞ்சைப்ரஸ், தைவான் ஹினோக்கி சைப்ரஸ் என்னும் இருவகை மரங்கள் அங்கு மிகுந்திருந்தன. இரண்டும் நறுமணமும் உறுதியும் வாய்ந்தவை. பூச்சிக்கும் ஈரத்திற்கும் எளிதில் இரையாகாதவை. ஜப்பானில் ஆலயங்களும் அரண்மனைகளும் கட்டுவதற்கு ஹினோக்கி மரமே மரபாக விரும்பப்பட்டு வந்தது. அந்நாட்டில் பெரிய அளவுள்ள மரங்கள் அருகிவந்த காலத்தில், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அகவையுடைய மரங்கள் நிறைந்த காடு கிடைத்தமை பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. தோக்கியோ நகரின் மெய்ஜி ஆலயத்தில் இன்று நிற்கும் பெரிய மரத் தோரணவாயிலும் தைவான் சைப்ரஸ் மரத்தால் ஆனதே.

மரம் இருந்தது, வழி இல்லை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் நின்ற அம்மரங்களை இறக்க ஆறுகள் உதவவில்லை. தைவான் ஆறுகள் குறுகியன, செங்குத்தானவை, மழைக்காலத்தில் கட்டுக்கடங்காதவை. யானையைக் கொண்டு மரம் இழுக்கும் வழக்கமும் அங்கு இல்லை. வனவியல் அறிஞர் கவாய் ஷிதாரோ மலைப்பகுதியை ஆராய்ந்து, இருப்புப்பாதை அமைப்பதே தக்க வழி எனப் பரிந்துரைத்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கல் இன்றும் அலிஷானில் உள்ளது.

3. தடம் அமைந்த வரலாறு

பணி முதலில் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஃபுஜிதா நிறுவனம் 1906இல் வேலையைத் தொடங்கி, செலவு கைமீறியதால் 1908இல் கைவிட்டது. பின்னர்க் காலனிய அரசே 1910இல் பணியை மேற்கொண்டது. 1912 டிசம்பரில் சியாயி நகரிலிருந்து எர்வான்பிங் வரை தடம் நிறைவுற்றது. 1914இல் அது மரவெட்டுக் களத்தின் நடுவே இருந்த சாவ்பிங் வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் சியாயியில் பெரிய மரஅறுவை ஆலையும் இயங்கத் தொடங்கியது. சாவ்பிங்கிலிருந்து காட்டின் உட்பகுதிகளுக்குக் கிளைத்தடங்கள் பல பிரிந்துசென்றன.

தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 762 மில்லிமீட்டர். குறுகிய அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் வெளிப்படை. தடம் குறுகினால் வளைவுகளைச் சிறியனவாக அமைக்கலாம், மலையைக் குடைவதும் பாலம் கட்டுவதும் எளிதாகும், செலவும் குறையும். சியாயியிலிருந்து அலிஷான் நிலையம் வரை முதன்மைத் தடத்தின் நீளம் 71.4 கிலோமீட்டர். தொடக்க நிலையம் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்திலும் அலிஷான் நிலையம் 2,216 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சியாயியிலிருந்து 14.2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜூச்சி வரை தடம் சமவெளியில் செல்கிறது. அதன்பின் ஏறத்தாழ 57 கிலோமீட்டருக்குள் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். கணக்கிட்டால் சராசரியாக 27 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என ஆகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் 16 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் உண்டு.

4. ஏற்றத்தின் நுட்பம்

இத்தகைய ஏற்றத்தை வெல்ல உலகில் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. நீலகிரி மலைப்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் ஏற்றம் உள்ளது. அங்கு இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டு, பொறியிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுகிறது. அலிஷானில் பற்சட்டம் இல்லை. தண்டவாளத்திற்கும் சக்கரத்திற்கும் இடையிலான உராய்வு ஒன்றையே நம்பி வண்டி ஏற வேண்டும். அதற்கு மூன்று நுட்பங்கள் துணைநின்றன.

4.1 சுழல்தடம்

தூலிஷான் என்னும் தனிக்குன்றை அடைந்ததும் தடம் நேராக மேலேற முற்படுவதில்லை. குன்றைச் சங்கின் புரிபோல் மும்முறை சுற்றி, இறுதியில் எட்டு வடிவில் வளைந்து வெளியேறுகிறது. நேர்வழியில் குறைந்த தொலைவே உள்ள இடத்தில், தடத்தை நீட்டுவதன்வழி ஏற்றத்தின் கடுமை குறைக்கப்படுகிறது. அடிவாரத்தில் விட்டுவந்த சாங்நாவ்லியாவ் நிலையத்தைப் பயணிகள் மேலே செல்லச் செல்ல மீண்டும் மீண்டும் காண்கின்றனர். ஒவ்வொரு முறையும் அது மேலும் கீழே தெரிகிறது. இந்நிலையத்திற்கும் தூலிஷான் நிலையத்திற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர்.

4.2 இசட் தடம்

மேல்மலையில் சுற்றிவரவும் இடமில்லாத செங்குத்துச் சரிவுகள் உள்ளன. அங்குத் தடம் ஆங்கில எழுத்தான இசட் வடிவில் அமைகிறது. வண்டி ஒரு முனைவரை முன்னோக்கிச் சென்று நிற்கும். தடமாற்றி திருப்பப்பட்டபின் பின்னோக்கி அடுத்த படிக்கு ஏறும். மீண்டும் நின்று, மீண்டும் முன்னோக்கிச் செல்லும். வண்டியைத் திருப்பாமலேயே மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் முறை இது. முன்னே செல்கிறதா, பின்னே செல்கிறதா எனப் பயணிகள் மயங்குவது இப்பகுதியில்தான்.

4.3 ஷே பொறி

வழக்கமான நீராவிப் பொறியில் உந்துதண்டு பெரிய சக்கரங்களை நேராகச் சுழற்றும். விரைவு கிடைக்கும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். எஃப்ராயிம் ஷே என்னும் அமெரிக்க மரவெட்டுத் தொழிலர் இதற்கு மாற்று கண்டார். அவர் வடிவமைத்த பொறியில் நீராவி உருளைகள் வலப்புறம் செங்குத்தாக நிற்கும். அவை பொறியின் நீளவாக்கில் ஓடும் சுழல்தண்டைச் சுழற்றும். அத்தண்டிலுள்ள பற்சக்கரங்கள் எல்லாச் சக்கரங்களையும் ஒருசேர இயக்கும். உருளைகள் ஒருபுறம் இருப்பதால் எடை சமன்பட வேண்டிக் கொதிகலன் இடப்புறம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். விரைவு மிகக் குறைவு, இழுவிசையோ மிகுதி. முழு எடையும் இயங்கு சக்கரங்களின்மேல் விழுவதால் வழுக்கல் குறையும். சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்ப வல்லவையாதலின் 40 மீட்டர் ஆரமுள்ள வளைவிலும் பொறி திரும்பும்.

அமெரிக்காவின் லைமா தொழிலகத்தில் செய்யப்பட்ட 18 டன், 28 டன் ஷே பொறிகள் அலிஷானுக்குக் கொண்டுவரப்பட்டன. மலைப்பகுதியில் பொறியானது வண்டியின் தாழ்ந்த முனையிலேயே இணைக்கப்படுகிறது. ஏறும்போது பின்னிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னின்று தாங்கும். பெட்டிகள் கழன்று கீழ்நோக்கி ஓடிவிடாமல் காப்பதே இதன் நோக்கம்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. மரம் ஏற்றும் தடத்தில் வெற்று வண்டி ஏறும், பாரவண்டி இறங்கும். அதாவது சுமை எப்போதும் கீழ்நோக்கியது. ஆகவே அத்தடத்தின் உண்மையான இடர் ஏறுவதில் இல்லை. இறங்கும் பாரத்தை அடக்குவதில் உள்ளது. இத்தடத்தின் பொறியியல் முழுவதும் இறங்கும் மரத்தை மனத்திற்கொண்டு அமைந்தது. பிற்காலத்தில் மனிதரை ஏற்றத் தொடங்கியபோதும் அவ்வியல்பு மாறவில்லை. 2003 மார்ச் 1இல் அலிஷானிலிருந்து இறங்கிய பயணிகள் வண்டி தடம்புரண்டு 17 பேர் உயிரிழந்தனர். பொறிக்கும் பெட்டிகளுக்கும் இடையிலான காற்றுத்தடைக் குழாயின் அடைப்பான் திறக்கப்படாமையே காரணம் எனத் தெரியவந்தது. தடத்தின் பயன் மாறினாலும் மலையின் விதி மாறுவதில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாயிற்று.

5. வெட்டு ஓய்ந்த பின்

ஜப்பானிய ஆட்சி 1945இல் முடிவுற்றது. பின்வந்த அரசும் மரம் வெட்டுவதைத் தொடர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அலிஷானில் வெட்டத்தக்க பெருமரங்கள் ஏறத்தாழத் தீர்ந்தன. வெட்டுப் பணியும் ஓய்ந்தது. 1991இல் தைவான் முழுவதும் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது.

வழக்கமான கதையாயின் தடம் இவ்விடத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியாமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, தடத்தின் வழியில் ஊர்கள் வளர்ந்திருந்தமை. 1,403 மீட்டர் உயரத்திலுள்ள ஃபென்சிஹு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நடுவழியிலுள்ள அவ்வூரில் பொறிகளுக்கான கொட்டில் இருந்தது. வண்டிகள் நின்று செல்லும். நிற்கும் நேரத்தில் பசியாறப் பயணிகளுக்கு விற்கப்பட்ட சோற்றுப்பெட்டி இன்று தைவான் முழுவதும் பெயர்பெற்ற உணவாகும். தடத்தை அண்டியே வாழ்ந்த மக்களுக்கு அது மரவண்டிப் பாதை மட்டுமன்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்லும் ஒரே வழியும் அதுவே.

இரண்டாவது, சாலையின் காலத்தாழ்வு. அலிஷானுக்கான நெடுஞ்சாலை 1982இல்தான் திறக்கப்பட்டது. மரவெட்டு ஓய்ந்ததற்கும் சாலை வந்ததற்கும் இடைப்பட்ட இருபதாண்டுக் காலத்தில் பயணிகளுக்கு வேறு வழி இல்லை. அவ்விடைவெளியில் டீசல் பொறிகளும் பயணிகள் விரைவு வண்டிகளும் வந்து, மரப்பாதை மக்கள் பாதையாக உருமாறிவிட்டது. சாலை முன்னரே வந்திருப்பின் தடம் இரும்பு விலைக்குப் போயிருக்கக்கூடும்.

மூன்றாவது, அலிஷானின் கதிரவன் எழுச்சியும் முகிற்கடலும் முன்னரே புகழ்பெற்றிருந்தமை. சாலை திறந்தபின் அன்றாடப் பயணிகள் பேருந்துக்கு மாறினர். இருப்புப்பாதை காட்சியை நாடுவோரை நம்ப வேண்டியதாயிற்று. 1986இல் திறக்கப்பட்ட ஜூஷான் கிளைத்தடம் இம்மாற்றத்தின் அடையாளம். கதிரவன் எழுவதைக் காண்போரை விடியற்காலையில் ஏற்றிச் செல்வதற்கென்றே அது அமைக்கப்பட்டது. 2,451 மீட்டர் உயரத்திலுள்ள ஜூஷான், தைவானின் மிக உயர்ந்த இருப்புப்பாதை நிலையமாகும். மரத்திற்காகத் தோன்றிய பாதையில், காட்சிக்காகவே இடப்பட்ட தடம் அது. பாரத்தின் திசை இங்கு முற்றிலும் மாறிற்று. முன்பு விலைமதிப்புடையது மேலிருந்து கீழே இறங்கியது; இப்போது விலை கொடுப்போர் கீழிருந்து மேலே ஏறுகின்றனர்.

6. நிலைநிறுத்துதலின் விலை

பயன்மாற்றம் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதற்கு மீண்டும் விலை கொடுக்க வேண்டியுள்ளது. 2009 ஆகஸ்டில் மொராகொட் சூறாவளி பெய்வித்த பெருமழையில் தடம் பல இடங்களில் சிதைந்தது. ஜூச்சியிலிருந்து ஃபென்சிஹு வரை சீரமைக்கப்பட்டு 2014இல் வண்டிகள் ஓடின. எஞ்சிய பகுதி சீராகும் முன்னர் 2015இல் மற்றொரு சூறாவளி 42ஆம் எண் குகைவழியைச் சிதைத்தது. அதற்கு மாற்றாக ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள புதிய குகைவழி குடையப்பட்டது. 2024 ஜூலை 6இல்தான் முதன்மைத் தடம் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள்.

வருவாயை மட்டும் கணக்கிடும் எந்த நிறுவனமும் இத்தனை காலம் பொறுத்திராது. மலைத்தடத்தைத் தனியாரிடம் விட்டு இயக்கும் முயற்சியும் மொராகொட் அழிவுக்குப்பின் நிலைக்கவில்லை. 2018இல் அலிஷான் வன இருப்புப்பாதைக்கும் பண்பாட்டு மரபுக்குமெனத் தனி அரசு அலுவலகம் தோற்றுவிக்கப்பட்டது. தடத்தைப் போக்குவரத்துக் கருவியாக அன்றிப் பண்பாட்டு உடைமையாகக் கருதும் நோக்கு அப்பெயரிலேயே வெளிப்படுகிறது. உலக மரபுச்சின்னமாக முன்மொழியத் தகுதியுடையவை எனத் தைவான் அரசு வகுத்த பட்டியலிலும் இப்பாதை உண்டு. ஆனால் தைவான் யுனெஸ்கோ அமைப்பில் உறுப்பு நாடன்று. ஆதலின் முறையாக முன்மொழிய இயலவில்லை. நீலகிரி மலைப்பாதை 2005இல் பெற்ற தகுதி அலிஷானுக்கு எட்டாமைக்குத் தடத்தின் குறை காரணமன்று. அரசியல் நிலையே காரணம்.

7. பரம்பிக்குளம்: ஓர் ஒப்பீடு

தடம் நிலைப்பதற்கான காரணங்களைத் தெளிய, நிலைக்காத ஒன்றோடு ஒப்பிடுதல் பயன்தரும். ஆனைமலைத் தொடரில் அத்தகைய ஒன்று இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியே செல்வோர் அடையும் பரம்பிக்குளக் காட்டில் அக்காலக் கொச்சி அரசு வன டிராம்பாதை ஒன்றை அமைத்தது. 1907 முதல் இயங்கிய இப்பாதை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. தேக்கு முதலிய மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கியது. அங்கிருந்து மரங்கள் கொச்சி செல்லும் இருப்புப்பாதையில் ஏற்றப்பட்டன.

அலிஷானுக்கு ஐந்தாண்டு முற்பட்ட இப்பாதையிலும் மலைச்சரிவே பெருஞ்சிக்கல். அங்குக் கையாண்ட தீர்வு வேறு. செங்குத்தான சரிவுகளில் வடம் பூட்டப்பட்டு, இறங்கும் பாரவண்டியின் எடையே வெற்று வண்டியை மேலே இழுத்தது. சுமை எப்போதும் கீழ்நோக்கியது என்னும் உண்மையை நேரடியாகவே பயன்படுத்திக்கொண்ட அமைப்பு இது. சிக்கனமானது, ஆனால் தொடர்ச்சியற்றது. ஒவ்வொரு சரிவிலும் வண்டிகள் நின்று, பூட்டப்பட்டு, இறக்கப்பட வேண்டும். மரத்திற்கு இது போதும். மனிதர் நாள்தோறும் செல்லும் வழியாக இது வளர இயலாது. அலிஷானின் சுழல்தடமும் இசட் தடமும் வண்டியை அடிமுதல் முடிவரை ஒரே ஓட்டமாகச் செல்லவிட்டன. மரத்திற்கென அமைந்த அத்தொடர்ச்சியே பின்னர் மனிதருக்கும் உதவிற்று.

வழியில் ஃபென்சிஹு போன்ற ஊர் வளராமையும், லாரிப் போக்குவரத்து முந்திக்கொண்டமையும் பரம்பிக்குளத் தடத்தின் முடிவை விரைவுபடுத்தின எனலாம். 1963அளவில் அது முற்றிலும் வழக்கொழிந்தது. அலிஷானில் மரவெட்டு ஓய்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரே காலத்தில் வேலை இழந்த இரு தடங்களுள் ஒன்று ஊர்மக்களின் வழியாக நிலைத்தது. மற்றொன்று காட்டுக்குள் புதைந்தது.

இங்கு மற்றொரு ஒப்புமையும் உண்டு. பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு என்னும் பெருமரம் வெட்டுக்குத் தப்பி, வணக்கத்திற்குரியதாக இன்றும் நிற்கிறது. அலிஷானிலும் ‘தெய்வமரம்’ எனப்பட்ட பெருஞ்சைப்ரஸ் ஒன்று தடத்தின் ஓரத்திலேயே நின்றது. 1956இல் இடி தாக்கிப் பட்டது; 1997இல் மழையில் பிளந்தது; 1998இல் பாதுகாப்புக் கருதித் தரையில் சாய்க்கப்பட்டது. பல்லாயிரம் மரங்களை வெட்டிய கை, ஒரு மரத்தை மட்டும் தெய்வமெனத் தொழுவது இரு மலைகளிலும் காணப்படும் பொதுப்பண்பு.

8. காட்சி காட்டுவதும் மறைப்பதும்

அலிஷான் பயணத்தில் வெப்பக்காடு, மிதவெப்பக்காடு, குளிர்காடு என மூவகைத் தாவர அடுக்குகளைச் சில மணி நேரத்தில் கடக்கலாம் என்பது சுற்றுலா விளக்கங்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி. அது உண்மையே. ஆனால் மேல்மலையில் பயணி காணும் நெடிதுயர்ந்த பசுமையின் பெரும்பகுதி, வெட்டியபின் நடப்பட்ட ஜப்பானிய சீடர் மரங்களால் ஆனது. வரிசை ஒழுங்கும் ஒத்த உயரமும் அதனைக் காட்டிக்கொடுக்கின்றன. இடையிடையே காணப்படும் பேரளவு அடிக்கட்டைகளே முதற்காட்டின் எச்சம். யானைத் துதிக்கை எனவும் மூன்று தலைமுறை மரம் எனவும் பெயர்சூட்டப்பட்டு அவை வேடிக்கைப் பொருள்களாயின. பயணிகள் அவற்றின் முன்நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவை வேடிக்கைப் பொருளாகும் முன்னர் ஆயிரமாண்டு மரங்களின் அடிகளாக இருந்தன என்பது பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது.

வெட்டியோருக்கே இது உறுத்தலாக இருந்தது என்பதற்குக் கல்லில் சான்று உண்டு. 1935இல் ஜப்பானியர் அலிஷானில் மரவுயிர்க் கோபுரம் ஒன்றை எழுப்பினர். வெட்டப்பட்ட மரங்களின் ஆவியைத் தணிவிப்பதற்கான நினைவுச்சின்னம் அது. வெட்டுப்பணி நிற்காமல் நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டுண்டவற்றுக்கு நினைவுக்கல் நாட்டிய இம்முரண், காலனிய வனவியலின் மனநிலையை ஆராய்வோர்க்கு அரிய ஆவணமாகும்.

மரங்களுக்குக் கோபுரம் எழுந்தது. நிலத்தை இழந்த மக்களுக்கு அத்தகைய நினைவுச்சின்னம் எழவில்லை. ட்சோ மக்கள் இன்றும் அலிஷான் பகுதியில் வாழ்கின்றனர். அவர்கள் பார்வையில் இத்தடம் தம் வேட்டைக்காடு இறங்கிப்போன வழி. சுற்றுலா வளர்ந்தபின் அவர்தம் ஆடலும் உணவும் பயணத்தின் கவர்ச்சிகளுள் இடம்பெற்றுள்ளன. ஆனால் தடத்தின் வரலாறு பொறியியல் அருஞ்செயலாக மட்டும் எடுத்துரைக்கப்படும்போது, அவர்கள் கதையின் விருந்தோம்புநராகத் தோன்றுகின்றனரேயன்றி, கதைக்குரியவராகத் தோன்றுவதில்லை.

இதற்கு மாற்றான போக்கும் தெரிகிறது. 2019இல் தைவான் அரசு அலிஷானை வனத்தொழிலும் இருப்புப்பாதையும் இணைந்த பண்பாட்டு நிலத்தோற்றமாக அறிவித்தது. தடத்தை மட்டும் தனித்துப் பார்க்காமல், காடு, ஆலை, குடியிருப்பு, தடம் ஆகியவற்றை ஒரே தொகுதியாகப் பார்க்கும் அணுகுமுறை இது. சியாயியில் வனத்துறை அலுவலர்கள் வாழ்ந்த பழைய மரவீடுகள் புதுப்பிக்கப்பட்டுப் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளமையும் இத்தொகுதிக்குள் அடங்கும். இவ்வணுகுமுறை, காடு யாருடையதாக இருந்தது என்னும் வினாவுக்கும் இடமளிக்கும்போதே முழுமையுறும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அ. வன இருப்புப்பாதை தன் பணியை முடிக்கும்போது தன் தேவையையும் முடித்துக்கொள்ளும் இயல்புடையது. அது நிலைக்க வேண்டுமாயின் மரம் தீரும் முன்னரே மனிதர்க்குப் பயன்படத் தொடங்கியிருக்க வேண்டும். இயற்கையழகு மட்டும் தடத்தைக் காப்பதில்லை என்பதற்குப் பரம்பிக்குளம் சான்று.

ஆ. அலிஷானில் இன்று கவர்ச்சியாகப் போற்றப்படும் சுழல்தடம், இசட் தடம், ஷே பொறி ஆகிய மூன்றும் மரத்தை இறக்குவதற்கான கருவிகளாகத் தோன்றியவை. நுட்பம் வியப்புக்குரியது, அதன் நோக்கமும் உடன் அறியத்தக்கது.

இ. பாரம்பரியப் பாதையைக் காத்தல் தொடர்செலவு வேண்டும் பணி. மலை ஒவ்வொரு முறை சரியும்போதும் அதனைப் பேணும் முடிவைச் சமூகம் புதிதாக எடுக்க வேண்டியுள்ளது.

ஈ. வன இருப்புப்பாதை ஒன்றின் வரலாற்றில் தடம், காடு, காட்டுக்குரியோர் ஆகிய மூன்றும் உண்டு. முதலாவதை மட்டும் காப்பாற்றிக் காட்டும் பாரம்பரியம் குறைபாடுடையது.

தென்னிந்திய மலைகளிலும் வன டிராம்பாதைகள், மரச்சறுக்குகள், வடச்சரிவுகள் ஆகியவற்றின் எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. டாப்ஸ்லிப் என்னும் ஊர்ப்பெயரே மலைமேலிருந்து மரம் சறுக்கிவிடப்பட்டதன் நினைவு. இவ்வெச்சங்கள் களஆய்வின்வழி பதிவுசெய்யப்பட வேண்டும். காட்டில் வேலைசெய்தோர், காட்டில் வாழ்ந்தோர் ஆகியோரின் வாய்மொழி வரலாறும் தொகுக்கப்பட வேண்டும். தண்டவாளம் போனபின்னும் அது கிடந்த மேடு சில காலம் காட்டில் தெரியும். அதை அடையாளம் காட்ட வல்லோர் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.